கலங்கிய நீரும் வெள்ளைக் குழலும்

வீட்டுக்கு ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வாங்குகிறவர்கள் சுவரில் மாட்டும் பெட்டியைப் பற்றித்தான் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். அதற்கு முன்னால் குழாயோடு இணைந்து தனியாகத் தொங்கும் பிளாஸ்டிக் பவுலைப் பற்றியும், அதற்குள் நிற்கும் பத்து அங்குல வெள்ளைக் குழலைப் பற்றியும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சர்வீஸ்காரர் அதை ‘ஸ்பன்’ என்பார். கடையில் ‘ப்ரீ ஃபில்டர் கேண்டில்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுத்திகரிப்பானிலேயே விலை குறைந்த பாகம் அதுதான். ஆனால் மண்ணை நிறுத்துவதும் அதுதான். அது தன் வேலையைச் செய்யாவிட்டால் அடுத்து நிற்கும் கார்பன் வடிகட்டியும், விலை கூடிய மெம்பிரேன் சவ்வும் சில மாதங்களில் பாழாகும்.

இந்தக் குழலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பலரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள்: 5 மைக்ரான், 1 மைக்ரான். எண் சிறியதாக இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. என் கருத்து வேறு. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தண்ணீரில் என்ன மிதக்கிறது என்பது. அடுத்தது, அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வருகிறது என்பது. மைக்ரான் எண் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆற்று மணலின் சிறு மணிகள் நூறு, இருநூறு மைக்ரான் இருக்கும். அதைவிட நுண்ணிய வண்டல் 60 மைக்ரானிலிருந்து 2 மைக்ரான் வரை. அதற்கும் கீழே களிமண். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே ஒரு தனித் துகளை நம் கண் பிரித்துப் பார்ப்பதில்லை. கோடிக்கணக்கில் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கும்போது மட்டும் அது கலங்கலாகத் தெரிகிறது. ஆய்வகத்துக் கருவி அளப்பதும் இந்தச் சிதறலைத்தான். அதன் அலகு என்.டி.யு. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீரில் கலங்கல் 1 என்.டி.யு.வைத் தாண்டக் கூடாது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மண் தானாகவே அடியில் தங்காதா? தங்கும், ஆனால் அளவைப் பொறுத்து. 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கண்டுசொன்ன விதி இதைக் கணக்கிட உதவுகிறது. திரவத்தில் அமிழும் நுண்ணிய துகளின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 100 மைக்ரான் மணல் அடியைத் தொட இரண்டு நிமிடம் போதும். 10 மைக்ரான் வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம் வேண்டும். 1 மைக்ரான் களிமண்ணுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். தினமும் மோட்டார் போட்டு நிரப்புகிற தொட்டியில் தண்ணீர் என்றைக்கு அசையாமல் நின்றது?

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் துகள்கள் எதிர் மின்னூட்டம் ஏந்தியவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் கூடிப் பெரிதாவதில்லை. ஆடியில் காவிரியில் வரும் புதுவெள்ளம் நாள்கணக்கில் செந்நிறமாகவே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டால் நீர் தெளியும் என்பதை நம் முன்னோர் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கலித்தொகையிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. அந்த விதையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்குகின்றன. படிகாரம் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அதன் அலுமினியம் அயனிகள் களிமண்ணின் மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. தள்ளுவிசை போனதும் துகள்கள் ஒட்டித் திரண்டு இறங்குகின்றன. நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் இதுதான் முதல் படி.

ஆகவே குழல் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் நிறமில்லாத பாட்டிலைக் கழுவி, குழாயைத் திறந்தவுடனே வரும் நீரை நிரப்பி, மூடி, ஓரிடத்தில் ஆடாமல் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அடியில் நறநறவென்று ஏதாவது படிந்திருந்தால் அது மணல், துரு, அல்லது சிமெண்ட் தூள். மறுநாள் காலையில் மெல்லிய படலம் படிந்து மேல் நீர் தெளிந்திருந்தால் அது வண்டல். இரவு முழுதும் வைத்தும் தண்ணீர் பாலேட்டு நிறத்திலேயே இருந்தால் களிமண். நான்காவதாக ஒன்றும் உண்டு. பிடிக்கும்போது பளிங்காக இருந்த ஆழ்துளைக் கிணற்று நீர் சில மணி நேரத்தில் மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகக் கலங்கினால் அதில் கரைந்த இரும்பு இருக்கிறது. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டதும் திடப்பொருளாக மாறுகிறது. இந்த நான்காம் வகை நீரில் ஸ்பன் குழலை மட்டும் நம்பிப் பயனில்லை. கரைந்திருக்கும் வரை இரும்பு குழலைத் தாண்டிப் போய்விடும், மெம்பிரேனில் போய் உறையும். முதலில் காற்றோட்டம் கொடுத்து இரும்பை வெளியே வரவழைக்க வேண்டும், அதன் பிறகே வடிகட்ட வேண்டும்.

பலர் கையில் இப்போது டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது மண்ணைக் காட்டாது. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்த உப்பின் அளவைக் கணிப்பது மட்டுமே அதன் வேலை. சேறாக ஓடும் ஆற்று நீர் அந்த மீட்டரில் 150 காட்டலாம். கண்ணாடிபோலத் தெளிந்த கிணற்று நீர் 1,500 காட்டலாம். அதேபோல ஸ்பன் குழலில் வடிகட்டிய பிறகு டி.டி.எஸ். குறையவில்லையே என்று சர்வீஸ்காரரிடம் சண்டை போடவும் வேண்டியதில்லை. கரைந்த உப்பைத் தடுக்கிற சக்தி அந்தக் குழலுக்குக் கிடையாது.

இதோடு சேர்த்து ஒரு மோசடியையும் சொல்லியாக வேண்டும். விற்பனைக்காக வீட்டுக்கு வருபவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேசைமேல் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய் நீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. நீர். நான்கு கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். ஒரே நிமிடத்தில் உங்கள் நீர் செம்பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகச் சேறு திரளும். ஆர்.ஓ. நீர் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பயந்துபோவார்கள். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல. கருவியில் உள்ள இரும்புக் கம்பிதான் மின்சாரத்தில் கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரள்கிறது. நீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் பாய்வதில்லை, அதனால் கம்பி கரைவதில்லை. அவருடைய டம்ளரிலேயே ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நல்ல குடிநீரைக் குடிக்கிற குடும்பங்களைப் பயமுறுத்திப் பணம் பறிக்க இது இன்றும் பயன்படுகிறது என்பதுதான் வேதனை.

குழலுக்குள் நடப்பது என்ன? ஸ்பன் குழல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. உருக்கிய பிளாஸ்டிக்கை நுண்துளைகள் வழியே பிதுக்கி, வெப்பக் காற்றை வேகமாக ஊதினால் அது மெல்லிய இழைகளாக நீண்டு, சுழலும் தண்டின்மேல் பின்னிப் பிணைந்து படிகிறது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வான் வென்டே என்பவரின் குழு இந்த முறையை உருவாக்கியது. அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு வளிமண்டலத்தில் மிதந்த கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க அவர்களுக்கு நுண்ணிழை வடிகட்டி தேவைப்பட்டது. கொரோனா காலத்தில் நாம் அணிந்த என்-95 முகக்கவசத்தின் நடு அடுக்கும் இதே முறையில் செய்யப்பட்டதுதான்.

நல்ல ஸ்பன் குழலில் வெளிப்பக்கம் இழைகள் தளர்வாகவும், உள்ளே போகப் போக நெருக்கமாகவும் இருக்கும். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே பாய்ந்து நடுத்துளை வழியே வெளியேறுகிறது. பெரிய துகள்கள் மேலடுக்கிலேயே நின்றுவிடும், சிறியவை ஆழத்தில் சிக்கும். சல்லடையில் ஓட்டையின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இங்கே அப்படியில்லை. வளைந்து நெளிந்து போகும் பாதையில் ஏதாவது ஓர் இழையைத் தொட்ட துகள், இடைவெளியைவிடச் சிறியதாக இருந்தாலும், அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எனவே ‘5 மைக்ரான்’ என்று அச்சிட்ட குழலில் 5 மைக்ரான் ஓட்டைகள் இருப்பதாக நினைக்கக் கூடாது.

அந்த எண்ணுக்கு அருகில் ‘நாமினல்’ என்று இருக்கிறதா, ‘அப்சல்யூட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாமினல் என்றால் அந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதியைப் பிடிக்கும் என்று மட்டுமே பொருள். அந்தப் பெரும்பகுதி 60 சதவீதமா, 90 சதவீதமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அப்சல்யூட் என்றால் அநேகமாக எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சோதித்துச் சொல்கிறார்கள். விலையும் அதற்கேற்பக் கூடும். வீட்டுக்கு வரும் ஸ்பன் குழல்கள் பெரும்பாலும் நாமினல். எதுவுமே அச்சிடாமல் வருபவையும் உண்டு. கையில் எடுத்து லேசாக அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும் குழலை வாங்காதீர்கள். அழுத்தம் ஏறும்போது அது சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும்.

இனி உயரம் பற்றி. பிரான்ஸின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய உருளைகளில் நீரைச் செலுத்தி அளந்து, 1856-இல் தன் விதியை வெளியிட்டார். வடிகட்டியின் பரப்பும் நீரின் அழுத்தமும் கூடினால் ஓட்டம் கூடும். வடிகட்டி தடித்தால் ஓட்டம் குறையும். மணி எவ்வளவு நுண்ணியதோ தடையும் அவ்வளவுக்கு அதிகம். பாதியாகச் சிறுத்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இந்த விதியை நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியோடு பொருத்திப் பாருங்கள். பத்து மீட்டர் உயர நீர் கிட்டத்தட்ட ஒரு பார், அதாவது 14 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். மாடித் தொட்டிக்கும் சமையலறைக் குழாய்க்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருக்கிறது என்றால் உங்களிடம் உள்ள மொத்த அழுத்தமே 4 பி.எஸ்.ஐ.தான்.

குழல்களின் உறையில் எழுதியிருக்கும் ஆயுள் கணக்கு பெரும்பாலும் குழாயில் 40, 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும் அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 10 அல்லது 15 பி.எஸ்.ஐ.யை எட்டினால் குழலை மாற்றுங்கள் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. நம்மிடம் அவ்வளவு அழுத்தமே இல்லை. அதனால் குழலில் மண் பிடிக்க இன்னும் இடம் இருக்கும்போதே இங்கே தண்ணீர் நூலாகிவிடுகிறது. “குழல் மட்டம்” என்று திட்டுகிறோம். வீட்டு மொத்தக் குழாய்க்கும் 5 மைக்ரான் ஸ்பன் போட்டுவிட்டு, குளியலறையில் ஷவர் வரவில்லை என்று தவிக்கும் வீடுகள் பல. அங்கே தவறு குழலுடையது அல்ல, அதைப் போட்ட இடத்தினுடையது.

தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீருக்கு, மொத்த வீட்டுக்குமாக ஒரு வலை வடிகட்டியோ டிஸ்க் வடிகட்டியோ போதும். சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகள் 130 மைக்ரான் டிஸ்க் வடிகட்டியை நன்கு அறிவார்கள். திறந்து, வட்டுகளைத் தளர்த்தி, தண்ணீரில் அலசி மறுபடி மாட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மணலும் துருச் செதிலும் அதிலேயே நின்றுவிடும். 5 மைக்ரான் குழலைக் குடிநீருக்குப் போகும் இணைப்பில் மட்டும் வையுங்கள். ஆர்.ஓ. மெம்பிரேனுக்கு முன்னால் 5 மைக்ரான் என்பது பொதுவான ஏற்பாடு. வண்டல் அதிகமுள்ள வீட்டில் அதற்கு முன் 20 மைக்ரான் குழல் ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் நீண்ட நாள் வரும். இடம் இருந்தால் பத்து அங்குலத்துக்குப் பதில் இருபது அங்குலம் போடுங்கள். பரப்பு இரு மடங்கானால் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் வழியாகவும் நீர் பாதி வேகத்தில்தான் போகும். ஆயுள் இரு மடங்குக்கும் அதிகமாகவே நீளும். பிரஷர் பம்பு இருக்கும் வீடுகளில் மொத்தக் குழாய்க்கும் ஜம்போ அளவுக் குழல் வைப்பதில் தவறில்லை. களிமண் கலங்கல் என்றால் குழலை மாற்றி மாற்றி ஓய வேண்டாம். தொட்டியிலேயே தெளிய வைக்க வழி தேடுங்கள்.

நூல் சுற்றிய குழலும் கடைகளில் கிடைக்கும். மணலுக்கு அது தாக்குப்பிடிக்கும். ஆனால் மோட்டார் திடீரென்று நின்று ஓடும்போது ஏற்படும் அதிர்வில் பிடித்த மண்ணைக் கொஞ்சம் உதறிவிடும். மடிப்பு வைத்த குழலுக்குப் பரப்பு அதிகம், தடை குறைவு, கழுவவும் முடியும். அழுத்தம் குறைந்த வீடுகளுக்கு அதுவே நல்லது. ஸ்பன் குழலைக் கழுவக் கூடாது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேல்தோல் வெளுக்கும். ஆழத்தில் சிக்கியது அப்படியே இருக்கும், தேய்த்த இடத்தில் இழைகள் பிரிந்து வழிவிடும்.

எப்போது மாற்றுவது? ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று புதுக் குழல் போட்ட அன்று குறித்துவையுங்கள். ஆர்.ஓ. இருந்தால் பெட்டிக்குள் போகும் குழாயில் பார்க்க வேண்டும். அந்த நேரம் இரு மடங்கானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஓட்டம் குறையாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஈரமான இழைகளில் மண்ணோடு சேர்ந்து உயிர்ப்பொருளும் தங்குகிறது. நுண்ணுயிர்கள் அதில் குடியேறிப் படலமாக வளரும். கை வைத்தால் வழுவழுப்பாக இருப்பது அந்தப் படலம்தான். கண்ணாடிபோன்ற பவுல் வெயில் படும் இடத்தில் இருந்தால் பாசியும் பிடிக்கும். நிழலில் மாட்டுங்கள், முடியாவிட்டால் துணி சுற்றுங்கள். கோடை விடுமுறைக்கு மாதக்கணக்கில் ஊருக்குப் போய் வந்தால், பழைய குழலைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். வால்வை மூடி, கீழே இருக்கும் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். பவுலுக்கு அடியில் வாளியை வைத்துக்கொண்டு, வட்ட ஸ்பேனரால் திருகுங்கள். பவுலைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக அலசுங்கள். விளிம்பில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகியிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ புதிது போடுங்கள். அதற்குத் தடவ உணவுத் தரமுள்ள சிலிகான் கிரீஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுக் குழலின் பிளாஸ்டிக் உறையை உரிக்க மறக்கக் கூடாது. குழலின் இரு முனைகளும் மேலும் கீழும் உள்ள குமிழ்களில் நேராக உட்கார வேண்டும். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் தண்ணீர் இழைகளுக்குள் புகாமல் அந்த வழியாகவே போய்விடும். குழல் பல மாதம் வெள்ளையாகவே இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் இந்தப் பொருத்தத்தைச் சரிபாருங்கள்.

எடுத்த குழலை உடனே குப்பையில் போடாமல் ஒரு கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓர் ஆய்வகம் சொல்வதில் பாதியை அந்த வெட்டுமுகம் சொல்லிவிடும். வெளியே அடர்பழுப்பு, உள்ளே போகப் போக மஞ்சள், நடுத்துளையை ஒட்டி வெள்ளை என்று வளையங்களாக நிறம் மங்கினால், குழல் உங்கள் தண்ணீருக்குப் பொருத்தமானது; சரியான நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள். மேலே மட்டும் சேற்றுப் பூச்சு, அடுத்த அடுக்கிலிருந்தே தூய வெள்ளை என்றால், உங்கள் நீரின் மண்ணுக்கு இந்தக் குழல் மிக நெருக்கமானது. மேல்தோலே அடைத்துக்கொண்டதால் உள்ளே இருந்த இடம் வீணாகிவிட்டது. முன்னால் 20 மைக்ரான் வேண்டும். நடுத்துளை வரை பழுப்பு ஏறியிருந்தால் காலம் கடந்துவிட்டது. மண் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நிறமும் பேசும். செந்துரு நிறம் இரும்பு. சாம்பல்நிறத் தூள் தொட்டிச் சுவரின் சிமெண்ட். கறுப்புக் கொழகொழப்பு மாங்கனீசோ நுண்ணுயிர்ப் படலமோ. ஆழ்துளைக் கிணற்று வீட்டில் திடீரென்று மணல் நிறையச் சேர்ந்தால் கேசிங் குழாயில் பழுது இருக்கலாம். மோட்டார் தேய்வதற்குள் ஆளைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வடிகட்டி செலவில்லாமல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அது தொட்டி. மணலும் வண்டலில் பாதியும் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் தாமாகவே அடங்கிவிடும், நாம் கலக்காமல் இருந்தால். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாய் அடிமட்டத்திலிருந்து நான்கு, ஐந்து அங்குலம் மேலே இருக்க வேண்டும். சம்ப்பில் ஃபுட் வால்வும் அப்படியே. அடியை ஒட்டி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் படிந்த சேற்றையே உறிஞ்சிக் குழலில் கொண்டுபோய்க் கொட்டும். டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் லாரி ஊற்றி முடித்த கையோடு மோட்டார் போடாமல், மூன்று நான்கு மணி நேரம் விட்டுப் போட்டால் குழலின் ஆயுளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மழைக்காலத்தில் மட்டும் இந்தக் குழலிடம் அதன் சக்திக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பாக்டீரியாவின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வைரஸ் அதிலும் மிகச் சிறியது. 5 மைக்ரான் குழல் அவற்றை நிறுத்தாது. கலங்கிய நீரில் மண் துகள்களின் மறைவில் கிருமிகள் ஒளிந்துகொள்வதால் குளோரினும் புறஊதா விளக்கும்கூட முழுப் பலன் தருவதில்லை. குழல் கலங்கலை நீக்கிக் கொடுக்கும், அடுத்த கட்டத்துக்கு வழி செய்து கொடுக்கும், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் சூழ்ந்த தெருவில் நீங்கள் இருந்தால், எந்த வடிகட்டி இருந்தாலும், தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே குழந்தைகளுக்குக் கொடுங்கள். வெள்ளம் வடிந்ததும் சம்ப்பையும் தொட்டியையும் கழுவிவிட்டு, அதன் பிறகு புதுக் குழலை மாட்டுங்கள்.